வெள்ளரிக்காய் செல்லும் திசை: சியோல்வாழ் வெளிநாட்டவரின் ஞாயிற்றுக்கிழமை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கொரியாவில் 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து அட்டை வாங்கவேண்டும். அட்டை கைக்கு வந்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அவர் அங்கே வசிப்பவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி துவைத்து, ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசி முடித்த பிறகு, மீதிப் பொழுதை என்ன செய்வதென்று விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவர் வசிக்கிறாரா, சும்மா தங்கியிருக்கிறாரா? இதை அட்டை சொல்லாது. சொல்லவல்ல அளவுகோல் வெள்ளரிக்காய் ஒன்றே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

2. களம்

சியோல் நகரின் வடக்கே நிற்கிறது புகான்சான் மலை. 1983-இல் தேசியப் பூங்காவானது. மெட்ரோ ரயில் அடிவாரம் வரை கொண்டுபோய் விடுகிறது. இதன் உச்சிச் சிகரமான பேகுந்தேயின் உயரம் சுமார் 836 மீட்டர்தான். ஆனால் அதில் ஏற வரும் அஜும்மா எனப்படும் அறுபது வயதுப் பெண்மணிகளின் ஆயத்தமோ எவரெஸ்டுக்கு உரியது: முகம் மறைக்கும் தொப்பி, முழங்கை வரை உறை, கையுறை, இரண்டு ஊன்றுகோல், வண்ணவண்ண மலையேற்ற உடை. பக்கத்தில் மூச்சிரைக்க வரும் வெளிநாட்டவரிடம் இருப்பது ஒரு டி-ஷர்ட்டும் அரை லிட்டர் தண்ணீரும்.

இக்களத்துக்கெனத் தனி நீட்டலளவை உண்டு. இன்னும் எவ்வளவு தூரம் என்று இறங்கி வருபவரைக் கேட்டால், “கிட்டத்தட்ட வந்தாச்சு” என்பார். அடிவாரத்தில் கேட்டாலும் இதே விடை. பாதி வழியில் கேட்டாலும் இதே விடை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொட்டைப் பாறையில் தொங்கும்போது கேட்டால்தான் அது ஓரளவு உண்மையாகிறது.

3. தரவு

பாதி வழியில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் பாய். பாய்க்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்த காலணிகள். பைகள் திறக்கின்றன: கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறான கிம்பாப், அவித்த முட்டை, ஆரஞ்சு, ஃபிளாஸ்கில் வெந்நீர், அதில் கலக்கப் பொட்டலக் காபி. கடைசியாக, தோலைப் பட்டைபட்டையாகச் சீவிய வெள்ளரிக்காய்கள். நீர்ச்சத்து மிக்கது, கத்தி வேண்டாம், குப்பை விழாது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை.

அவ்வழியே போகும் வெளிநாட்டவரை நோக்கி ஒரு வெள்ளரிக்காய் நீள்கிறது. அவர் இரு கையாலும் மறுக்கிறார். மறுப்பு கணக்கில் வராது. காய் கைக்கு வந்துவிடுகிறது. முதல் கடி உள்ளே போனதும் கேள்விகள் தொடங்கும்: எந்த ஊர்? வயதென்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லையென்றால், ஏன்? வெள்ளரிக்காய் இலவசம் என்பது மேலோட்டமான பார்வை என்பதற்கு இதுவே சான்று.

4. ஒப்பாய்வு

கும்காங் மலையே ஆனாலும் சாப்பிட்ட பிறகுதான் காட்சி என்பது கொரியப் பழமொழி. இது பிற பொழுதுபோக்குகளுக்கும் பொருந்துகிறது.

ஹான் ஆற்றங்கரைப் பூங்காக்கள் 11. ஆற்றைப் பார்க்கப் போவதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்; பாய் விரித்ததும் பார்வை போவது வறுத்த கோழி வரும் வழிமேல். கொண்டுவருபவர் தேடி அலையாதிருக்கப் பூங்காவிலேயே ஒப்படைப்பிடம் குறித்திருக்கிறார்கள். காத்திருக்க முடியாதவர் அங்குள்ள கடையில் ராம்யோன் நூடுல்ஸ் வாங்கி, தாள் கிண்ணத்தை இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அதுவே வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைத்துத் தரும். பூங்காவில் கூடாரம் போட்டால் இரண்டு பக்கம் திறந்திருக்கவேண்டும் என்பது மாநகர விதி. இது காதலரை உத்தேசித்தது என்பர் சிலர். கோழி உள்ளே வர ஒரு பக்கம், எலும்பு வெளியே போக ஒரு பக்கம் என்பதே இவ்வாய்வாளர் துணிபு.

ஜிம்ஜில்பாங் எனும் வெப்பக்கூடத்தில் வியர்ப்பது, சுட்ட முட்டைக்கும் ஷிக்கே எனும் குளிர்ந்த அரிசிப் பானத்துக்கும் தகுதி பெறுவதற்காக. நோரேபாங் பாட்டறையோ, முதல் சுற்றில் உண்ட இறைச்சியும் இரண்டாம் சுற்றில் குடித்த பீரும் செரிப்பதற்கான மூன்றாம் சுற்று.

5. மறுப்பும் விடையும்

1395-இல் எழுந்த கியோங்போக்குங் அரண்மனைக்கு, ஹான்போக் எனும் மரபுடை உடுத்தி இலவசமாக நுழைபவர் உண்ணவா போகிறார் எனலாம். அரண்மனைக்கு மேற்கே சிறிது நடந்தால் தோங்கின் சந்தை. அங்கே எண்ணெயில் வறுத்த தொக்போக்கி எனும் அரிசிப் பண்டம். வரலாறு அங்கேதான் முடிகிறது.

மலையில் ஏறியவர் இறங்கத்தானே வேண்டும், அதில் உணவு எங்கே எனலாம். 2018 முதல் தேசியப் பூங்காச் சிகரங்கள் பலவற்றில் மது அருந்தத் தடை. ஆகவே மக்கொல்லி எனும் அரிசி மதுவும் வெங்காயத்தாள் அடையும் அடிவாரத்தில் காத்திருக்கின்றன. காற்றுக் குழாயால் காலணித் தூசியை ஊதிவிட்டு எல்லாரும் அங்கேதான் நுழைகிறார்கள். இறக்கத்துக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

6. முடிவு

கொரியாவாழ் வெளிநாட்டவர் மூவகைப்படுவர். வெள்ளரிக்காய் தின்பவரைப் படம்பிடிப்பவர் முதல் நிலை. நீட்டியதை வாங்கித் தின்பவர் இரண்டாம் நிலை. இந்நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கி, அதையே நட்பு என்று நம்பி ஊர் திரும்புவோர் ஏராளம். சனிக்கிழமை இரவே கூடுதலாக ஒன்று சீவிப் பையில் வைத்து, மறுநாள் மூச்சிரைத்து வரும் அந்நியருக்கு நீட்டி, எந்த ஊர், வயதென்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கொரிய மொழியிலேயே கூசாமல் கேட்பவர் மூன்றாம் நிலை. இவரே வசிப்பவர். காயை மட்டும் நீட்டிவிட்டுக் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர் இரண்டரையாம் நிலையில் வைக்கப்படுவார்.