வாத்துக்கடிக்கு வட்டாரச் சம்பளம்

அமெரிக்க மருத்துவ பில்லிங்கில் வாத்து கடித்தால்கூட ஒரு குறியீடு உண்டு: டபிள்யூ61.61. அதை சான்பிரான்சிஸ்கோவில் தட்டினாலும், மிசிசிப்பியில் தட்டினாலும், சென்னையில் நைட் ஷிஃப்டில் தட்டினாலும் கிளெய்ம் ஒன்றுதான். தட்டுபவரின் சம்பளம்தான் ஊருக்கு ஊர் இளைக்கிறது. வீட்டு வாடகை வேறல்லவா என்பார்கள். நியாயம்தான், அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேரே டாக்டர் கட்டணத்தை வட்டாரம் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. ஆனால் சென்னைக்காரர் விரட்டி வசூலிப்பது சான்பிரான்சிஸ்கோ பாக்கியை. வாங்குவது வேளச்சேரிச் சம்பளம். வாடகைதான் அளவுகோல் என்றால் பாக்கியிலும் வேளச்சேரித் தள்ளுபடி கிடைக்க வேண்டுமே!

அனுபவத்துக்குக் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. எந்த இன்சூரன்ஸ் எந்தச் சாக்குச் சொல்லி மறுக்கும் என்பது பாடத்தில் வராது. ஆனாலும் 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்தபோது, பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருந்த சீனியரும் நேற்றுச் சேர்ந்த டிரெய்னியும் ஒரே புத்தகத்தைத்தான் புரட்டினார்கள், ஆளுக்கொரு சம்பளத்தில்.