ஆடும் பாலம், ஆடாத மனசு

மழை நாளில் நண்பர்களோடு காட்டுப் பக்கம் தொங்குபாலம் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?
*(வாசகர், கல்லிடைக்குறிச்சி)*

செங்கோட்டை தாண்டி புனலூருக்கு ரயிலில் போங்கள். கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டி முடித்த பாலம்; சுமார் 400 அடி நீளம். வழியில் வரும் ஆரியங்காவு மலை, தென்மலைக் காடு, பதிமூன்று கண் பாலம் எல்லாம் அதே டிக்கெட்டில் அடக்கம்.

பக்கத்திலேயே மணிமுத்தாறு அருவி இருக்க, கேரளாவுக்கு விரட்டுகிறீர்களே?

வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மேலே இருப்பதோ 1988 முதல் புலிகள் காப்பகம். மழை லீவு உங்களுக்குத்தான், புலிக்கு இல்லை!

நாங்கள் ஆறு பேர். எல்லோருமே கொஞ்சம் 'வெயிட்'டான ஆட்கள். பாலம் தாங்குமா?

ஆறு யானைகளையே தாங்கியதாம்! பாலத்தைக் கட்டிய ஆல்பர்ட் ஹென்றி, மேலே யானைகளை நடக்கவிட்டு, கீழே படகில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார் என்பது அந்த ஊர்க்கதை. இன்றைய கான்ட்ராக்டர்களில் எத்தனை பேர் அந்தப் படகில் ஏறுவார்கள்?

கல்லிடை அப்பளம் பொரித்து எடுத்துக்கொண்டு போகலாமா?

மழையிலா? புனலூர் போய்ச் சேரும்போது அது துணியாகிவிடும். அப்பளக்கட்டாகவே கொண்டுபோய், சாப்பாட்டுக் கடைக்காரரைத் தாஜா செய்து பொரித்துக்கொள்ளுங்கள்.

நடுப்பாலத்தில் குதித்து, ஆட்டி, ரீல்ஸ் எடுக்கலாமா?

லைக் போடப் பல பேர் வருவார்கள். ஆற்றில் குதித்துத் தூக்க யார் வருவார்? குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டோர் இறந்தது 2022 அக்டோபர் 30-ல். பழுதுபார்த்துத் திறந்த சில நாட்களிலேயே. பாலம் ஆடட்டும், நீங்கள் ஆடாதீர்கள்.