தோட்டத்து அணிலின் முதுகில் கோடு இன்மையும் கோடு இடுதலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழாராய்ச்சிக்கு மலேசியா புதிய இடமன்று. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடே 1966-இல் கோலாலம்பூரில்தான் கூடியது. அறிஞர்கள் எதையெதையோ ஆராய்ந்தார்கள். அணிலைப் படமெடுத்து மெருகேற்றும் கலையைத் தொடவில்லை. அந்த வெற்றிடத்தை இக்கட்டுரை நிரப்புகிறது. ஆய்வெல்லை வருமாறு: வடக்கே நீலாய், தெற்கே தம்பின், கிழக்கே பகாவ், மேற்கே போர்ட்டிக்சன் கடல், இடைப்பட்ட நெகிரி செம்பிலான் பால்மரக் காடும் செம்பனைக் காடும்.

2. பொருள் வரையறை

அணில் எனப்படுவது யாது? விலங்கியலார் இவ்வூர் அணிலைக் கல்லோசியூரஸ் நோட்டாட்டஸ் என்பர். பொடார்ட் என்ற டச்சுக்காரர் 1785-இல் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார். முதுகு பாசி படிந்த பழுப்பு. வயிறு செங்கல் நிறம். விலாவில் ஒரு வெளிர்கோடு, ஒரு கருங்கோடு.

முகம் கூர்த்திருந்தால் அது அணிலன்று, மர மூஞ்சூறு. இதைக் குரங்கினத்தோடு, அதாவது நம்மோடு, ஒரே வரிசையில் 1945-இல் சிம்ப்சன் என்ற பேரறிஞர் உட்கார வைத்தார். பின்வந்த பேரறிஞர்கள் எழுப்பித் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். செம்பனை மட்டையில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த அந்த உறவினருக்கு இரண்டு தடவையும் கடிதம் போகவில்லை.

3. படமெடுப்போர் வகை

அ. கைப்பேசியர்: அணில் போனபின் கிளையைப் படமெடுப்போர்.

ஆ. நீள்வில்லையர்: படத்தைக் காட்டுமுன் வில்லையின் விலையைச் சொல்வோர்.

இ. பழம் வைப்போர்: ரம்புத்தானை உரித்து வைத்துக் காத்திருப்போர். இவர்களுக்கு எறும்புப் படம் நன்றாக அமையும்.

4. நிறம்

பால்மரத்தடி வெளிச்சம் இலை வடித்த வெளிச்சம். அதில் அணிலும் பச்சை, பால் பிடிக்கும் மங்கும் பச்சை, பால் வெட்டுபவரும் பச்சை. சிலர் பழியைக் கேமராமேல் போடுவர். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த வடிகட்டியில் நாலு கட்டத்துக்கு இரண்டு பச்சை என்பது அவர்கள் வாதம். அது நம் கண் நுணுக்கம் காணும் பாங்கை ஒட்டி வைத்தது, குற்றவாளி இலைதான். வெள்ளைச் சமநிலையை மெஜந்தாப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும், பச்சை இறங்கிவிடும்.

போதும் என்று யாரும் நிறுத்துவதில்லை என்பதே இயலின் சாரம். செங்கல் வயிற்றைக் குங்குமமாக்கும்வரை நிறத்தை ஏற்றுவர். எட்டு பிட் படத்தில் சிவப்புக்கு 0 முதல் 255 வரைதான் படி. உச்சிப்படியை முட்டியபின் மயிரிழை எல்லாம் ஒரே பூச்சு. இத்தனை சிவப்பு யாருக்காக? இதுவரை சோதிக்கப்பட்ட பகல்நேர அணில்களின் கண்ணில் நிறக்கூம்பு இரண்டே வகை. சிவப்பும் பச்சையும் அவற்றுக்குப் பிரித்தறிய வராது. ஆகவே அணிலுக்காக இல்லை (ஐந்தாம் லயத்துப் பாட்டி, வாய்மொழி).

5. நுணுக்கம்

முதுகு மயிர் ஒவ்வொன்றும் கருப்பும் மஞ்சளும் மாறிமாறி வளையம் போட்டது. கூர்மையைக் கூட்டினால் வளையமெல்லாம் மணல்; இரைச்சலைக் குறைத்தால் அணில் மெழுகு. நடுவழி ஒன்று உண்டு. அதில் ஆள் நடமாட்டம் இல்லை (பாட்டி, மேற்படி, வெற்றிலை குதப்பியபடி).

6. முக்கோட்டுச் சிக்கல்

இனி ஆய்வின் இதயம். படத்தைக் கண்ட தமிழர் முதலில் கேட்பது: "முதுகுல மூணு கோடு எங்கப்பா?"

மூன்று கோட்டு அணில் லின்னேயஸ் 1766-இல் பெயரிட்ட இந்திய அணில். நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள், அணில் ஏறவில்லை. ஆனாலும் தோட்டத்துக் கோயில் மலர்க்குழு ஒன்று இராமர் பாலத்துக்குப் படம் கேட்டதும், செம்பனைப் பழம் கடித்து வாயோரம் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்த உள்ளூர் அணிலின் முதுகில் மூன்று வெள்ளைக் கோடு இழுத்தாயிற்று. இதில் மூன்று பள்ளிகள் கிளைத்தன.

இடுவோர் பள்ளி: இராமர் எல்லா அணிலையும் தடவினார், இவ்வூர் மழையில் கோடு கரைந்தது, நாம் மீட்கிறோம் (ஓய்வுபெற்ற கிராணி, 'திண்ணைக் குறிப்புகள்', தொகுதி 3, இரண்டாம் கோப்பைத் தேநீருக்குப் பின்).

இடாதோர் பள்ளி: பாலம் கட்டியது அந்தக் கடலில், இந்தக் கடலில் அன்று, எனவே தடவல் எல்லை தாண்டாது (கிராணியின் மைத்துனர், மேற்படி நூலுக்கு மறுப்புரை, சாப்பாட்டு மேசை, மீன்குழம்பு ஆறிய பதிப்பு).

விலாவோர் பள்ளி: இராமர் இவ்வணிலைத் தடவவில்லை; "நீ அந்தப் பக்கம் போய் வேலை செய்" என்று விலாவில் பிடித்துத் தூக்கி வைத்தார்; விரல் பட்ட இடமே விலாக்கோடு (பெயர் தெரியாத பால்வெட்டுக்காரர், கவிழ்த்த மங்கின் அடியில் கரிக்கட்டையால் எழுதியது; மூலம் மழையில் அழிந்தது; அழிந்ததைக் கண்ட தண்டலின் சாட்சியம், பெரட்டுக் களம், விடியுமுன்; சாட்சியத்தை அவர் மனைவி ஏற்கவில்லை, காண்க: அவர் மனைவி, பல இடங்களில்).

தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் பாலம் கட்டிய அணிலைப் பாடியிருக்கிறார். அது நீரில் குளித்துப் புரண்டு ஓடுகிறது. முதுகைத் தடவும் கதையே அங்கு இல்லை. இடுவோர் இதைப் படிக்கவில்லை. இடாதோர் படித்தும் சொல்லவில்லை. சொன்னால் ஆய்வு முடிந்துவிடும், அடுத்த மாநாட்டுக்கு விமானச் சீட்டு கிடைக்காது.

இல்லாத கோட்டை இழுக்கும் தொழிலுக்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. ஃபோட்டோஷாப் வந்தது 1990-இல்தான். கல்வெட்டில் சிதைந்த இடத்தில் சொந்த ஊர்ப் பெயரைப் படிக்கவும், ஒரு நூலின் வயதைச் சில நூற்றாண்டு ஏற்றவும் பேராசிரியர்கள் அதற்கு வெகுமுன்பே தேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மின்சாரமும் தேவைப்படவில்லை.

7. முடிபு

நெகிரி செம்பிலான் தோட்டத்து அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. விலாவுக்கு இரண்டாக உண்டு. படமெடுப்போர் பச்சையை இறக்குக, சிவப்பு உச்சியை முட்டுமுன் நிறுத்துக, கூர்மையை மயிர் தெரியுமளவு வைத்துக் கையை எடுக்க. கோடு கட்டாயம் வேண்டுமென்போர் டிக்கெட் எடுத்துத் தமிழ்நாட்டுக்குப் போய், அங்குள்ள அணிலைப் படமெடுத்துக்கொள்க.