பிப்ரவரி 15-க்கு விடுமுறை: ஊடலியல் நோக்கில் ஓர் ஆய்வு

காதலுக்கென்று ஆண்டுக்கு ஒரு நாள் தேவையா என்று வாதிடும் அறிஞர்கள், அந்த நாளில் என்ன விளைகிறது என்று இதுவரை ஆராயவில்லை. விளைவது ஊடல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முதலில் சிலப்பதிகாரத்திலிருந்து இலக்கியச் சான்று. புகார் நகரத்தார் இந்திர விழாவை 28 நாள் கொண்டாடினர். விழா முடிந்த கையோடு கோவலனும் மாதவியும் கடற்கரைக்குப் போய் யாழோடு உட்கார்ந்தார்கள். அவன் பாட்டில் இன்னொருத்தி இருப்பதாக எண்ணிய மாதவி, தன் மனத்திலும் இன்னொருவன் இருப்பதுபோல் பதிலுக்குப் பாடினாள். அவன் எழுந்து போய்விட்டான். மறுபுறம், காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னதும், அது பெருமையன்று என மறுத்தாள் கண்ணகி. மறுத்த அந்நேரமே கோவலன் வாசலில் நின்றான். கொண்டாடியவள் இழந்தாள், கொண்டாட மறுத்தவள் பெற்றாள். (மதுரையில் நடந்தவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.)

விழா வீண் என்று இதற்குள் முடிவுகட்டலாகாது; ஊடலும் காதலின் ஒரு பகுதியே. வள்ளுவர் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கடைசி மூன்றை, புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என, ஊடலுக்கே ஒதுக்கியிருக்கிறார். அவர் காட்டும் கணவன் தும்மினால், யார் நினைத்ததால் இந்தத் தும்மல் என்று மனைவி அழுகிறாள். அடக்கினால், யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அழுகிறாள்.

இனி கள ஆய்வு. களம் என் வீடு. மாதிரி அளவு 2 பேர். முதலாம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று நான் ஒன்றும் வாங்கவில்லை. "மறந்துட்டீங்கல்ல?" என்றார் மனைவி. மறு ஆண்டு ஓசூரில் விளைந்த தாஜ்மகால் ரக ரோஜா ஒன்றோடு போனேன். (மனைவிக்குக் கட்டிய கல்லறையின் பெயரை ரோஜாவுக்குச் சூட்டியது தனி ஆய்வுக்குரியது.) "என்ன திடீர்னு? யாரு ஞாபகப்படுத்தினா?" என்றார். வள்ளுவரின் தும்மல் கோட்பாடு இருமுறை சோதித்தும் பொய்க்கவில்லை.

முடிவுரை: ஆண்டு முழுதும் தவணை சொல்லித் தள்ளிப்போட்ட ஊடலுக்கு ஒரு தேதி குறித்துத் தருவதே காதலர் தினத்தின் பயன். ஆயினும் 1330ஆம் குறள், ஊடலை அடுத்து வரும் கூடலில்தான் நிறைவுறுகிறது. 14ஆம் தேதி சண்டைக்கே சரியாகிவிடுவதால் சமாதானத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பிப்ரவரி 15-ஐ அரசு பொது விடுமுறையாக அறிவிக்க வேண்டும். அன்று ரோஜா விலையும் இறங்கியிருக்கும்.