சாகமாட்டேங்குற ஆம்பு

ஏலே பேராண்டி, ஒன் கஷ்டம் என்னன்னு ஒங்க ஆச்சி சொன்னா. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். காசும் கையில இருக்கு. ஆனா ஒங்கப்பன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்த அந்தப் பழைய என்ஏடி 3020 இன்னும் பாடிக்கிட்டே கெடக்கு. பாடுற சாமானை வச்சுக்கிட்டு இன்னொண்ணு எதுக்குன்னு ஒன் பொஞ்சாதி, அந்தப் புள்ள கேக்குது, ஒனக்குப் பதில் வரல. கெட்டுப்போயிருந்தா ஒரு நா துக்கம் காத்துட்டு மறுநாளே கடைக்குப் போயிரலாம். சவம் கெட மாட்டேங்குதே!

நீ வெசனப்படாதே. கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாணம்னு ஊர் ஊரா ரேடியோ செட் கட்டுன கை இது. ஆம்பு எப்படிப் பாடும்னு ஆயிரம் பேர் சொல்லுவான். எப்படிச் சாகும்னு சொல்ல என்னைய விட்டா ஆள் கெடையாது.

ஆனா ஒண்ணு, நீ மோதுறது லேசுப்பட்ட ஆளோட இல்ல. 1978-ல சந்தைக்கு வந்த பெட்டி அது. எரிக் எட்வர்ட்சென்னு ஒரு மனுசன் போட்ட திட்டம். பக்கத்துக்கு 20 வாட்டுன்னு அடக்கமாத்தான் எழுதுனாங்க. மினுமினுப்பு கெடையாது, விலையும் கொறச்சல். அதைப் போய் ரெண்டு மூணு மடங்கு விலை குடுத்து வாங்குனவன் வீட்டுல மாட்டிக் காட்டுனா, அவன் மொகம் போற போக்கைப் பாக்கணும்! அதனால நேருக்கு நேர் மோதாதே. மூச்சை முட்ட வச்சுத்தான் தோக்கடிக்கணும்.

ஒங்க அம்மை டிவி மேல போடுற குரோஷா விரிப்பு இருக்குல்ல, அதை எடுத்து ஆம்பு மேல விரி. மேல ஒரு பிள்ளையாரு, ஒரு பிளாஸ்டிக் பூ, கட்டாத கரண்டு பில்லுக எல்லாத்தையும் அடுக்கு. அதோட விடாதே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்து. பாக்குறவனும் அழகா இருக்கும்பான். உள்ள உருளை உருளையா நிக்குதே கண்டென்சரு, அதுக்குள்ள ஈரமான மருந்து இருக்கு. சூட்டுல அது காயும். பத்து டிகிரி சூடு கூடுனா ஆயுசு பாதியாப் போவும்னு கணக்கு. ஒரு பத்துக்கே பாதி, இருவதுக்குக் கால்வாசி, பாத்துக்கோ. மேலயும் பக்கத்துலயும் நாலு விரக்கடை எடம் விட்டுக் காத்தோட்டமா வச்சியோ தொலைஞ்சே. இருவது முப்பது வருசம் இழுத்துக்கிட்டுக் கெடக்கும்.

அவ்வளவு பொறுமை இல்லைன்னா வயரு இருக்கு. ஸ்பீக்கர் வயரைச் சீவுறப்ப பல்லால கடிச்சு இழு. பிரி பிரியா வருமே, அதை முறுக்காம அப்படியே மாட்டு. ஒரே ஒரு பிரி சேப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல சாஞ்சா போதும். சத்தத்தைக் கூட்டுற நேரம் பாத்து அவுட்புட் டிரான்சிஸ்டரு போயிரும். கொடையில சாமக்கொடை நேரத்துல இப்படி ஆம்பைப் பறிகுடுத்தவனுகளை நான் பாத்திருக்கேன். சாமியாடி அருள் வந்து நிக்காரு, கொட்டு ஓய்ஞ்சு போச்சு, ஊரே செட்டுக்காரனைத் திரும்பிப் பாக்குது. அந்தப் பார்வைக்கு அம்மனே தேவலை.

வால்யூம் திருகை ஒரேயடியாத் திருப்பி வைக்கிறதும் ஒரு வழிதான். 20 வாட்டை வச்சுக்கிட்டு நீ மண்டபத்தை அதிர வைக்கப் பாத்தா, குடுக்க முடியாத எடத்துல அலையோட உச்சி வெட்டுப்பட்டு மட்டமாப் போவும். அந்த வெட்டுலருந்து தேவையில்லாத மேல்சத்தம் கெளம்பி நேரா ட்வீட்டருக்குப் போவும். அதுல இருக்குற கம்பி மயிரிழை, பொசுங்கிரும். பெரிய ஆம்பு வச்சாத்தான் ஸ்பீக்கர் போவும்னு நெனைக்கானுகள்ல, சின்ன ஆம்பை முறுக்குனாலும் போவும். ஒன் பெட்டியில பின்னால சாஃப்ட் கிளிப்பிங்னு ஒரு குட்டி சுவிட்சு இருக்கும். அது அந்த வெட்டை மழுங்கடிச்சுக் காப்பாத்தப் பாக்கும். துரோகி, அதை மொதல்ல அணைச்சு வை. இதுல ஒரே எடைஞ்சல், ஆம்பு சாகுறதுக்கு முன்னால கீழ் வீட்டுக்காரரு மாடியேறி வந்துருவாரு.

கரண்டு போனா சுவிட்சை அணைக்காதே, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். திரும்பி வர்றப்ப 230 வரவேண்டிய எடத்துல சமயத்துல எகிறிக்கிட்டு வரும். பல்லி வேற இருக்கு. மேல் மூடி ஓட்டை வழியா இறங்கி வெதுவெதுப்புக்குப் படுத்துச்சுன்னா, என்னைக்காவது ரெண்டு கம்பிக்கு நடுவுல காலை வச்சு, தன் உசுரையும் குடுத்து ஒனக்கு உதவி செய்யும்.

வால்யூமைத் திருப்புறப்ப கரகரங்குதா? சந்தோசப்படு. உள்ள தடத்துல அழுக்கு ஏறியிருக்கு. கரண்டை எடுத்துட்டு, காண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு அடிச்சு, முன்னயும் பின்னயும் நல்லாத் திருகுனா சரியாப் போயிரும். அதனால அதைச் செய்யாதே. தேங்கா எண்ணெய் விடு. ஒரு வாரம் வழவழன்னு இருக்கும். பொறகு தெருப்புழுதி பூரா அதுலதான் வந்து உக்காரும். இல்லைன்னா ஒண்ணுமே செய்யாம அட்டைப்பெட்டியில கட்டிப் பரண்ல ஏத்திரு. வருசக்கணக்காக் கரண்டு காணாத கண்டென்சர் உள்ளுக்குள்ள வலு கொறையும், சுவிட்சு முனையெல்லாம் கறுத்துப்போவும். பூட்டி வச்ச ஆம்பைவிடப் பாடுற ஆம்புதான் நல்லா இருக்கும். பூட்டி வச்சாப் பத்திரம்னு நெனைக்கிறவனுக்கு இது வெளங்காது.

இதெல்லாம் பாவம்னு தோணுதா? அப்ப பழியைப் போடு. சத்தம் மழுங்கிப்போச்சுன்னு நீ பொலம்புறதாவும் ஆச்சி சொன்னா. நல்ல சாக்கு. ஆனா ஸ்பீக்கர் தட்டி வலையைக் கழட்டிப் பாத்துராதே. கூம்பைச் சுத்தி ஃபோம் வளையம் இருந்தா, பதினைஞ்சு இருவது வருசத்துல அது பொடிஞ்சு உதிர்ந்து கெடக்கும். அதை மாத்த ஆளும் இருக்கு, வளையமும் கெடைக்கு. பாத்துட்டியோ, பழி ஸ்பீக்கர் மேல போயிரும், புது ஆம்பு கனவு அவிஞ்சுரும். ஒன் ஃபிளாட்டையும் நான் பாத்தேன். தரை பூரா டைல்ஸு, செவுரெல்லாம் வெறுஞ்செவுரு, ஒரு பக்கம் கண்ணாடி. கை தட்டுனா நாலு தடவை கேக்கு. ஒரு பவானி ஜமுக்காளத்தை விரிச்சு, கனமாத் திரை ஒண்ணு போட்டாப் பாட்டு தெளிஞ்சுரும். லச்ச ரூவா ஆம்பு செய்ய முடியாததை ஜமுக்காளம் செய்யும். வெளிய சொல்லாதே, ஆடியோ கடைக்காரன் எல்லாரும் ஜவுளி வியாபாரத்துக்குப் போயிருவான்.

வாட்டு பத்தலைன்னு வேற சொன்னியாம். மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு விரல் பிடிச்சு விலை பேசுற மாதிரிதான் அட்டையில போடுற வாட்டும். உள்ள என்ன நடந்துச்சுன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது. பி.எம்.பி.ஓ.ன்னு ஒரு எழவைக் கண்டுபிடிச்சு, உள்ளங்கை அளவு பெட்டிக்கெல்லாம் ஆயிரம் வாட்டுன்னு எழுதுனானுகளே, மறந்துட்டியா? 20 வாட்டை 40 ஆக்குனா சத்தம் ரெட்டிக்கும்னு நெனைக்கே. 3 டெசிபெல் கூடும், அம்புட்டுதான். காதுக்கு ரெட்டிப்பாத் தெரியணும்னா 10 டெசிபெல் வேணும். அதுக்கு வாட்டு பத்து மடங்கு, 200 ஆகணும். சாதாரண வீட்டு ஸ்பீக்கரு ஒரே ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தள்ளி 85, 90 டெசிபெல் சத்தம் போடும். புள்ளை தூங்குனதுக்கப்புறம் நீ கேக்கிறதெல்லாம் அதுக்கும் கீழ. மிச்ச வாட்டெல்லாம் பெட்டிக்குள்ள சும்மா உக்காந்து ஒன் சம்பளத்தைத் தின்னுக்கிட்டுக் கெடக்கும்.

புதுசுல 1,00,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாடுமாமே. பாடட்டும். மனுசக் காது 20,000 ஹெர்ட்சுல நின்னுரும், அதுவும் சின்ன வயசுல. நாப்பதைத் தாண்டுன ஒன் காது 15,000 எட்டுனாப் பெரிய விசயம். எனக்குச் சில்லுவண்டுச் சத்தமே நின்னுபோய் ரொம்ப நாளாச்சு. ஊர்ல வண்டு கொறைஞ்சு போச்சுன்னு சொல்லித் திரியுதேன்.

கடைக்குப் போனா எப்படியும் மயங்கி வருவே, தெரியும். கடைக்காரன் பழைய ஆம்பை ஒரு நிமிசம் பாட விடுவான். பொறகு புதுசுக்கு மாத்துறப்ப, திருகை நுனி விரலால ஒரு முடி கூட்டுவான். கூட்டுனதே தெரியாது. கொஞ்சம் சத்தம் கூடுனா காது அதை ‘தெளிவு’ன்னு எடுத்துக்கிடும், ‘ஆழம்’னு எடுத்துக்கிடும். நீயும் கண்ணை மூடித் தலையாட்டுவே. ரெண்டையும் அளந்து ஒரே சத்தத்துல வச்சுட்டு, எது ஓடுதுன்னு மறைச்சுட்டுக் கேக்கச் சொல்லிப்பாரு, அன்னைக்கு வேவாரமே நடக்காது. இங்கிலாந்துல க்வாட் கம்பெனிக்காரங்க இதைச் செஞ்சே பாத்தாங்க. பழைய வால்வு ஆம்பு க்வாட் டூ, டிரான்சிஸ்டர் ஆம்பு 303, அதுக்கும் புதுசு 405. மூணையும் மறைவுல மாத்தி மாத்திப் பாட வச்சு, காது கூர்மைன்னு பேரெடுத்தவங்களை உக்கார வச்சாங்க. எது எதுன்னு பிரிக்க முடியல. காசைச் சுண்டிப் பாத்துச் சொல்லியிருந்தாலும் அதே பலன்தான் வந்திருக்கும். 1978-ல வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில வந்துச்சு. எல்லா ஆம்பும் ஒண்ணுதான்னு நான் சொல்லல. ஒழுங்காச் செஞ்ச ஆம்பை அது சக்திக்குள்ள பாட விட்டா, அதுகளுக்குள்ள இருக்குற வித்தியாசம் ஒன் பர்சுல விழுற ஓட்டைக்கு ஈடில்ல.

சரி, வாங்கிட்டேன்னே வச்சுக்கோ. என்ன நடக்கும்னும் சொல்லிருதேன். ஆறு மாசம் பாட்டு கேக்க மாட்டே, ஆம்பைத்தான் கேப்பே. ஒரு பாட்டோட மொத இருவது வினாடியைப் போடுவே, பேஸ் வருதான்னு பாப்பே, அடுத்த பாட்டுக்குத் தாவுவே. சரணம்னு ஒண்ணு இருக்குறதே ஒன் ஆம்புக்குத் தெரியாது. 1976-ல அன்னக்கிளி வந்தப்ப நாங்க வேப்பமரத்துக் கெளையில கட்டுன குழாய்லதான் போட்டோம். குழாயில பேஸு ஏது? கீழ்ச்சத்தம் பாதி வெளியவே வராது. களை வெட்டுற பொம்பளையாளுக சரணம் வரைக்கும் பாடுனாங்க.

இப்ப ஒரு விசயம், இது நையாண்டி இல்ல. திறந்து பாக்கேன்னு பிளக்கைப் பிடுங்குன உடனே கையை விட்டுராதே. பெரிய கண்டென்சர்ல கரண்டு தங்கியிருக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடு. கண்டென்சரை மாத்தச் சொன்னா, அதே மைக்ரோஃபாரட்டு, வோல்ட்டு அதே, இல்லைன்னா அதுக்கு மேல. கொறைச்சு மட்டும் போடக் கூடாது. சாமான் ரிச்சி தெருவுல கெடைக்கும். ஆனா பழைய நம்பர் டிரான்சிஸ்டரு ரொம்ப மலிவா வந்தா வாங்காதே. மட்டமான சரக்கு மேல நல்ல நம்பரை அச்சடிச்சு விக்குறவன் நெறைய. ஒன் பெட்டிக்கு ஈயம் பத்த வைக்க எடம் இருக்கு, திருப்புளி போக வழி இருக்கு. நீ ஆசைப்படுற புதுசு கிளாஸ் டி. சூடு கம்மி, கரண்டு கம்மி, அதை மறுக்க மாட்டேன். ஆனா எல்லாம் ஒரே பலகையில எள்ளு எள்ளா ஒட்டியிருக்கு. போச்சுன்னா பலகையோட போச்சு. அப்ப அந்தப் புள்ள ஒண்ணும் கேக்காது, நிம்மதியா அடுத்தது வாங்கிக்கிடலாம்.

இவ்வளவு சொல்லியும் மனசு மாறலையா? நல்லது, அதைத்தான் எதிர்பாத்தேன். கொலையும் வேண்டாம், பழியும் வேண்டாம். கரண்டை அணைச்சுட்டு ஆம்புக்குப் பின்பக்கம் பாரு. ப்ரீ அவுட்டுன்னு எழுதியிருக்க எடத்துல வளைஞ்ச கம்பித் துண்டு ரெண்டு சொருகியிருக்கும். முன்பாதியையும் பின்பாதியையும் கோக்குறது அதுதான். ரெண்டையும் உருவிரு. பொறகு சுவிட்சைப் போட்டா லைட்டு எரியும், திருகு திருகும், சத்தம் மட்டும் வராது. அந்தப் புள்ளையைக் கூப்பிட்டுக் காட்டு. மொகத்தைச் சோகமா வச்சுக்கோ. ஆயுசு முடிஞ்சு போச்சு, என்ன செய்யன்னு சொல்லு. எக்ஸ்சேஞ்சுல மட்டும் போட்டுராதே, செத்த சாமானுக்கு அவன் ஒரு மண்ணும் தர மாட்டான். ஒங்கப்பன் ஞாபகமா ஊர்ல கெடக்கட்டும்னு சொல்லி, நல்லாத் துணி சுத்தி எனக்குப் பார்சல் போட்டுரு. காரியத்தை நான் பாத்துக்கிடுதேன். அந்தக் கம்பி ரெண்டையும் தனியா ஒரு கவர்ல போட்டு, ஆச்சி கண்ணுல படாம உள்ள வச்சு அனுப்பு.