நரிக்குப் பிறந்த பிள்ளையின் முன்கதை

கே: 1976-இல் வந்த ‘தி ஓமன்’ படத்துக்கு 2024-இல் வந்த முன்கதை ‘தி ஃபர்ஸ்ட் ஓமன்’ ஈடு கொடுக்கிறதா? ஒரே வரியில் சொல்லவும்.

ப: மூலப் படத்துக்குப் பிறகு வந்த அத்தனை ஓமன்களிலும் இதுதான் உருப்படியானது, மூலத்தைத் தாண்டவில்லை. நடுவில் காற்புள்ளி போட்டிருப்பதால் இது ஒரு வரிதான்.

கே: நான் இரண்டையும் பார்த்ததில்லை. கதைப்படி முன்கதையைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

ப: அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். பழைய படத்தின் பிற்பகுதியில் கிரெகரி பெக் இத்தாலியில் ஒரு பாழடைந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தன் வளர்ப்பு மகனைப் பெற்றவளின் சமாதியைத் திறக்கிறார். உள்ளே கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டுமென்றால் உங்களுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. முன்கதையை எடுத்தவர்களே அதைப் பிறகு பார்ப்பவர்களுக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் நான் ரகசியங்களை உடைக்கப் போகிறேன். வேண்டாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

கே: சாத்தானின் பிள்ளை டேமியன் பிறப்பான், பிழைப்பான், அமெரிக்கத் தூதர் வீட்டுக்குப் பிள்ளையாகப் போவான். எல்லாம் தெரிந்த கதையில் பயம் எங்கிருந்து வரும்?

ப: முன்கதை எடுக்கும் எவரும் முதலில் விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி இது. பலர் கண்டுபிடிப்பதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் யாருக்காகப் பயப்படுவது?

இயக்குநர் அர்கஷா ஸ்டீவன்சன் (முழுநீளப் படமாக இதுதான் அவருக்கு முதல்) தாயைத் தேர்ந்தெடுத்தார். பழைய படத்தில் தாய்க்குக் கிடைத்த இடம் ஒரு குழி, அதில் ஒரு நரியின் எலும்புக்கூடு, அவ்வளவே. அவள் யார் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. முன்கதை அதைக் கேட்கிறது. 1971, ரோம். வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆவதற்காக அமெரிக்காவிலிருந்து மார்கரெட் என்ற பெண் வந்து இறங்குகிறாள். அவள் வேலை பார்க்கும் அநாதை இல்லத்தில் கார்லிட்டா என்ற சிறுமியைத் தனி அறையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ‘அந்திக்கிறிஸ்துவைச் சுமக்கப் போகிறவள் இவள்தான்’ என்று ஃபாதர் பிரெனன் மார்கரெட்டை எச்சரிக்கிறார். நாமும் பழைய படம் பார்த்த கெட்டிக்காரத்தனத்தில் கார்லிட்டாவின் மேலேயே கண் வைத்திருக்கிறோம். மார்கரெட் ஒருநாள் தன் தலைமுடியை விலக்கிப் பார்க்கும்போதுதான் சாத்தானின் எண்ணான 666 எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. நமக்குத் தெரிந்த கதையை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார் ஸ்டீவன்சன். முடிவு தெரிந்த கதையில் இதைவிடப் புத்திசாலித்தனமாக எதுவும் செய்துவிட முடியாது.

கே: பழைய படத்தில் அப்படி என்ன இருக்கிறது? என் மகன் ‘ரொம்ப ஸ்லோ’ என்கிறான்.

ப: லாரியிலிருந்து கண்ணாடிப் பலகை நழுவும் காட்சி வரை அவனைப் பிடித்து உட்கார வையுங்கள். அதன் பிறகு அவன் வேகத்தைப் பற்றிப் பேச மாட்டான்.

நிஜமான பதில் வேறு. டேவிட் செல்ட்ஸர் எழுதிய திரைக்கதையில் குளம்பு, சூனியக்காரிகள் என்று கண்ணுக்குத் தெரியும் சாத்தான் சமாசாரங்கள் இருந்தன. இயக்குநர் ரிச்சர்ட் டானர் அவற்றையெல்லாம் எடுத்தெறிந்தார். மிஞ்சியதைப் பாருங்கள். புயலில் தேவாலயத்து உச்சியிலிருந்து ஒரு கம்பி பிய்த்துக்கொண்டு பாதிரியாரின் மேல் விழுகிறது. ஒரு பையன் மாடியில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டி அம்மாவின் மேல் மோதுகிறான். லாரி தானாக நகர்கிறது. ஒவ்வொன்றும் விபத்தாகவும் இருக்கலாம். பையனைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா கூட வெறும் மனநோயாளியாக இருக்கலாம். அப்படியானால் கடைசியில் கத்தியோடு ஐந்து வயதுப் பையனைத் தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் மனிதர் யார்? துக்கத்தில் புத்தி பேதலித்த அப்பாவா, உலகத்தைக் காப்பாற்றுகிறவரா? படம் ஓடும் நேரம் முழுக்க இந்தச் சந்தேகத்தை விடாமல் வைத்திருக்கிறார் டானர்.

அந்த அப்பாவாக நடித்தவர் கிரெகரி பெக். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தில் அட்டிகஸ் ஃபிஞ்சாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். ஹாலிவுட்டின் ஆகச் சிறந்த அப்பா. அவர் கையில் கத்தியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அது எந்தக் கொம்பு வைத்த பிசாசாலும் வராது. படப்பிடிப்புக்குச் சில மாதங்கள் முன்பு பெக் தன் மூத்த மகனை இழந்திருந்தார் என்பதும் தெரிந்தால், அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்க்க முடிவதில்லை.

முன்கதையில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. கன்னியாஸ்திரிகள் ஏதோ செய்கிறார்கள் என்பது முதல் அரைமணியிலேயே தெரிந்துவிடும். சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுக் கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது இந்தப் படம். வியாபாரம் மோசமில்லை, நஷ்டம் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

கே: யார் மேல் கோபம்?

ப: பழைய கதையில் சதி செய்தவர்கள் சாத்தானின் அடியார்கள். புதியதில் சதி செய்கிறவர்கள் சாத்தானை வணங்குவதே இல்லை. இளைஞர்கள் தெருவில் கொடி பிடிக்கிறார்கள், கோயிலுக்கு வர மறுக்கிறார்கள். ஒரு அந்திக்கிறிஸ்துவை உண்டாக்கிப் பயமுறுத்தினால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று திருச்சபைக்கு உள்ளேயே ஒரு கூட்டம் கணக்குப் போடுகிறது. அதற்காக வருஷக்கணக்கில் பெண்களின் உடம்பில் பரிசோதனை. பெயர், புகைப்படம், தேதி என்று எல்லாவற்றுக்கும் கோப்பு வேறு! பில் நைய் நடித்த கர்தினாலைப் பாருங்கள். பென்ஷன் ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தரும் பெரியவரைப் போல அவ்வளவு கனிவு. சாத்தானைவிட அந்தக் கனிவுதான் எனக்கு நடுக்கம் கொடுத்தது.

அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தது 2022-இல். தன் கர்ப்பத்தின் மேல் எந்த உரிமையும் இல்லாத பெண்ணின் கதை இரண்டு வருஷம் கழித்து வந்தபோது, அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு குறை. இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவில் சாத்தான் பாவம், சப் கான்ட்ராக்டர் ஆகிவிட்டார்.

கே: அதே சமயத்தில் வந்த ‘இமாகுலேட்’ படத்திலும் இத்தாலிக்குப் போகும் அமெரிக்கக் கன்னியாஸ்திரி, மர்மக் கர்ப்பம். யார் யாரைக் காப்பியடித்தார்கள்?

ப: இரண்டும் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தவை. இரண்டே வாரத்தில் காப்பியடித்துப் படம் எடுத்து வெளியிடும் திறமை ஹாலிவுட்டில் இல்லை.

கே: முன்கதையில் யார் நடிப்பு?

ப: நெல் டைகர் ஃப்ரீ. தெருவில் அவர் உடம்பு அவருக்கே அடங்காமல் முறுக்கிக்கொள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. கேமரா நகர்ந்து ஓடிவிடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1981-இல் வந்த ‘பொசெஷன்’ படத்தில் இசபெல் அட்ஜானி சுரங்கப்பாதையில் ஆடிய வெறியாட்டத்துக்குச் செய்த மரியாதை அது. மரியாதை செய்கிறேன் என்று கிளம்பிப் பல பேர் தடுக்கி விழுவார்கள். இவர் நிமிர்ந்து நிற்கிறார். ஃபாதர் பிரெனனாக வரும் ரால்ஃப் இனெசனுக்குக் குரலே போதும், மழை வருவதற்கு முன் இடிக்கும் குரல்.

கே: அமெரிக்கத் தணிக்கையில் சிக்கல் என்று படித்தேனே?

ப: ஒரு பிரசவக் காட்சி. எத்தனை தலை உருண்டாலும் கவலைப்படாதவர்கள், பிள்ளை பிறக்கும் இடத்தைக் காட்டியதும் கலங்கி, பெரியவர்கள் மட்டும் பார்க்கும் கடுமையான சான்றிதழ்தான் தருவோம் என்றார்கள். பல தடவை வெட்டி ஒட்டிய பிறகே இறங்கி வந்தார்கள்.

கே: இசையில் யார் ஜெயிக்கிறார்கள்?

ப: போட்டியே இல்லை. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 18 தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைத்தது ஒரே ஒரு தடவை, ‘ஓமன்’ படத்துக்கு. தேவாலயத்தில் கேட்கும் லத்தீன் கோரஸைச் சாத்தானுக்குத் துதியாக மாற்றினார். அதன் பிறகு பேய்ப்படங்களில் பாடகர் குழு வாய் திறந்தாலே நமக்குப் புளியைக் கரைக்கிறது. முன்கதைக்கு இசை மார்க் கோர்வென். முணுமுணுப்பு, மூச்சு, கிறீச்சொலி என்று நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் கடைசியில் படம் கோல்ட்ஸ்மித்தின் கோரஸைக் கடன் வாங்கும்போது தியேட்டரே நிமிர்ந்து உட்காருகிறது.

கே: பழைய படத்துக்குச் சாபம் இருந்ததாமே? கிரெகரி பெக் போன விமானத்தில் மின்னல் தாக்கியதாம்!

ப: ஒரு பயணிகள் விமானத்தைச் சராசரியாக வருஷத்துக்கு ஒரு தடவையாவது மின்னல் தாக்குகிறது. அதில் போகிறவர்கள் எல்லாரும் சாத்தானைப் பற்றிப் படம் எடுப்பதில்லை, அதனால் செய்தி வருவதில்லை. சாபம் பிடித்த அந்தப் படத்தின் செலவு சுமார் 28 லட்சம் டாலர், அமெரிக்காவில் மட்டும் வசூல் 6 கோடி டாலர். அதைப் பார்த்துத்தான் டானருக்கு ‘சூப்பர்மேன்’ கிடைத்தது. இப்படி ஒரு சாபத்துக்குக் கோடம்பாக்கத்தில் வரிசையில் நிற்பார்கள்.

கே: 2006-இல் ஒரு ரீமேக் வந்ததே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ப: 06-06-06 அன்று வெளியிட வேண்டும் என்பதற்காகச் செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டார்கள். முதல் நாள் வசூலைக் கூட 666 என்று முடிகிற மாதிரி அறிவித்தார்கள். பழைய திரைக்கதையை அவ்வளவு அப்படியே எடுத்திருந்ததால், எழுத்துக்கான பெயர் முழுவதும் முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய செல்ட்ஸருக்கே போனது. சொல்லிவிட்டேன், போதுமா?

கே: மற்ற பேய்ப்பட முன்கதைகள் ஏன் சொதப்புகின்றன?

ப: விளக்கம் சொல்லிச் சொதப்புகின்றன. ‘ஹானிபல் ரைசிங்’ (2007) பாருங்கள். ஹானிபல் லெக்டர் ஏன் மனிதக்கறி சாப்பிடுகிறார் என்பதற்குச் சின்ன வயதுச் சோகம் ஒன்றைக் காட்டியது. காரணம் தெரிந்த பூதத்தைப் பார்த்துப் பரிதாபப்படலாம், பயப்பட முடியாது.

‘தி திங்’ (2011) வேறு மாதிரி. ஜான் கார்பென்டரின் 1982 படத்தில், நார்வேக்காரர்களின் சிதைந்த முகாமில் கதவில் ஒரு கோடாலி செருகியிருக்கும். அந்தக் கோடாலி எப்படி அங்கே வந்தது என்பது வரை முன்கதையில் காட்டிவிட்டார்கள். ஆனால் கார்பென்டர் படத்தின் உயிர், ராப் பாட்டின் ரப்பரும் ரசாயனமும் கொண்டு செய்த கொழகொழ ஜந்துக்கள். முன்கதைக்கும் கலைஞர்கள் கையால் ஜந்துக்கள் செய்தார்கள். ஸ்டூடியோ அவற்றின் மேல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பூசி மூடியது. மனம் நொந்த அந்தக் கலைஞர்கள் பிறகு மக்களிடம் நிதி திரட்டிக் கைவேலையை நம்பித் தனியாக ஒரு படமே எடுத்தார்கள்.

‘எக்ஸார்சிஸ்ட்’ முன்கதை தனிக் கூத்து. பால் ஷ்ரேடர் எடுத்து முடித்ததைப் பயமே இல்லை என்று மூட்டை கட்டி, ரென்னி ஹார்லினை வைத்து அதே நாயகனோடு மறுபடி எடுத்து 2004-இல் வெளியிட்டார்கள். அது ஊத்திக்கொண்டதும் ஷ்ரேடருடையதை 2005-இல் எடுத்து விட்டார்கள். அதுவும் ஊத்திக்கொண்டது. ஒரே முன்கதைக்கு இரண்டு தோல்வி என்பது சாதனைதான்.

கே: அப்படியானால் ‘ஃபர்ஸ்ட் ஓமன்’ சொதப்பவே இல்லையா?

ப: கடைசிப் பத்து நிமிஷம் வரை இல்லை. பிறகு தயாரிப்பாளர் உள்ளே நுழைகிறார். டேமியனுக்கு ஒரு இரட்டைச் சகோதரி. அவளோடு மார்கரெட்டும் கார்லிட்டாவும் தப்பித்து மலையில் குடியிருக்கிறார்கள். பிரெனன் அங்கே வந்து, பையனுக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெயர் தெரியாமல் டிக்கெட் வாங்கியவர் யார்? நடுவில் கிரெகரி பெக்கின் புகைப்படமும் காட்டப்படுகிறது. அதுவரை தாயின் கதையாக இருந்த படம் அந்த இடத்தில் பழைய படத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. பழைய படத்தில் பிறந்தநாள் விழாவில் ஆயா சிரித்த முகத்தோடு தூக்கில் தொங்கியதை, இங்கே ஒரு கன்னியாஸ்திரியை வைத்து நெருப்பும் சேர்த்துத் திருப்பி எடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. நெருப்பு வைத்ததால் பயம் கூடவில்லை.

இன்னொரு பாகம் வந்தாலும் வரலாம். ஃபாக்ஸ் கம்பெனி டிஸ்னி கைக்குப் போய்விட்டதால் அந்திக்கிறிஸ்து இப்போது மிக்கி மவுஸின் பங்காளி. சொத்தைச் சும்மா போட்டுவைக்கிற குடும்பம் இல்லை அது.

கே: தமிழில் ‘ஓமன்’ வந்திருக்கிறதா?

ப: 1991-இல் தக்காளி சீனிவாசன் இயக்கிய ‘ஜென்ம நட்சத்திரம்’. முன்கதை இன்னும் வரவில்லை. யோசனை கொடுத்துவிட்டேனோ?

கே: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். பேய்ப்படம் என்றால் உயிர். இந்த இரண்டில் எதைக் காட்டலாம்?

ப: இரண்டுமே கூடாது. ‘ரோஸ்மேரிஸ் பேபி’ பக்கமும் போகாதீர்கள். பிரசவம் நல்லபடியாக முடியட்டும், குழந்தைக்கு ஐந்து வயது தாண்டட்டும், பிறகு நிதானமாகப் பாருங்கள். பிறந்தநாள் அன்று மட்டும் வேண்டாம். ஆயா வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் சமயத்திலும் வேண்டாம்.