பொருள்: பாசத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளக் கோருதல்

மாண்பமை தமிழக வனத்துறையினருக்கு,

தாயை இழந்த யானைக்குட்டியை நீங்கள் கைவிடுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. விடுவதே இல்லையே என்பதுதான் இந்த மனு. தெப்பக்காடு யானை முகாமில் வளர்ந்த குட்டி ரகுவைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கரே வாங்கிவிட்டது. அங்கே குட்டிக்குப் புட்டிப்பால், பிறகு ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. விநாயகர் சதுர்த்தியன்று முகாம் யானை மணியடித்துக் கோயிலைச் சுற்ற வேண்டும். வாட்டசாட்டமாக வளர்ந்தால் கும்கி உத்தியோகம், அதாவது வயலுக்கு வரும் சொந்தபந்தங்களை விரட்டும் அரசுப் பணி. வயதானால் ஓய்வும் உண்டு. காடுதான் இல்லை.

இலங்கை அரசு தாயில்லாக் குட்டி வளர்ப்பை இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறது. 1975-இல் தொடங்கிய பின்னவலை இல்லத்து அநாதைகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஈன்று, மகா ஓயா ஆற்றில் குளித்து, டிக்கெட் வாங்கியவர்களை மகிழ்விக்கின்றன. 1995-இல் தொடங்கிய உடவளவை இல்லத்தில், மூன்று மணிக்கொருமுறை புனல் வைத்த குழாயில் பால். மற்ற நேரமெல்லாம் சக குட்டிகளோடு புதர்க்காட்டில் மேய்ச்சல். பார்க்க வருபவர் மேடையோடு நிற்க வேண்டும், தடவிக்கொடுக்க முடியாது. சேர்ந்து வளர்ந்தவற்றை ஐந்து வயதுவாக்கில் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள். 1998 முதல் நூற்றுக்கும் மேல் போயிருக்கின்றன. சில காட்டிலேயே குட்டியும் ஈன்றிருக்கின்றன. இரண்டு இடத்திலும் பால் ஒன்றுதான். குட்டி யாரை உறவென்று பழகுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மனிதரிடம் பழகிய யானையை வெளியே விட்டால் ஆளை அடிக்கும் என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் யானை மசினியின் கோப்பை ஒருமுறை புரட்டுங்கள். முதுமலையில் தாயில்லாமல் கிடைத்து, முகாமில் வளர்ந்து, 2015-இல் சமயபுரம் கோயிலுக்குத் தானமாகப் போனவள். 2018-இல் அங்கே ஒரு பாகன் அவளால் உயிரிழந்தார். முகாமுக்குத் திரும்பியபின் 2023-இல் இன்னொருவர். அவளை யாரும் வெளியே விடவில்லை. கூட்டம் சேர்த்துக்கொள்ளாது என்பது அடுத்த வாதம். 2023 டிசம்பரில் ஆனைமலையில் ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தைத் தேடி, பிரிந்த குட்டியைத் தாயிடம் சேர்த்தது நீங்கள்தானே? தாயணைப்பில் அது தூங்கிய படத்தை நாடே பார்த்தது. தாய் செத்த குட்டிக்கும், கூட்டம் ஏற்க மறுத்த குட்டிக்கும் அந்த வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் கிடைக்காத குட்டிகளைக் கொண்டே ஒரு கூட்டம் கட்டுவதுதான் உடவளவை வழி. காட்டில் இடமில்லை என்ற மூன்றாவது சமாதானத்தை மட்டும், தயவுசெய்து, வனத்துறை சொல்ல வேண்டாம்.

எனவே, அடுத்து வரும் குட்டிக்குப் பெயர்சூட்டு விழாவை ஒத்திவைத்து, ரேடியோ காலர் வாங்கும் கோப்பைத் திறக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நகல்: மணியடிக்கும் பிரிவு, தெப்பக்காடு.